அறுபத்தொரு சதவீதம்

கலாசிபாளையம், மாலை ஆறேகால்.
இம்தியாஸ் மேசைமேல் போட்ட நீலக் கேபிள்
நேற்றுவரை எல்லா வண்டியோடும் பேசியதாம்.
"அப்டேட் வேணுமான்னு கேட்டுச்சு, வேணும்னு தட்டினேன்.
அவ்ளோதான் மேடம்,
வாயை மூடிக்கிச்சு."

தொள்ளாயிரம் ரூபாய் நகல் அது.
நீ அசலா என்று கேட்டிருக்கிறார்கள்.
என்ன சொல்லும், பாவம்.

நான்கு திருகாணி கழற்றினால்
நகமளவு சில்லு, நாற்பத்துநாலு கால்.
முள் இருக்க வேண்டிய ஆறு துளையும் மொட்டை.
மூச்சை அடக்கி
மயிரிழைக் கம்பிகளைப் பற்றவைத்தேன்.
புகை கண்ணைக் கரித்தது.

படித்துப் பார்த்தேன்:
எஃப் எஃப் எஃப் எஃப், கடைசி வரி வரை எஃப்.
காலியா, பூட்டா?
இரண்டுக்கும் சில்லு ஒரே முகம்தான் காட்டும்.

அழித்தேன்.
ஃபியூஸ் பிட்டை இரண்டுமுறை சரிபார்த்தேன்.
போன வருடம் ஒரு சுழியை மாற்றிப் போட்டு
ஒரு கேபிளை அடக்கம் செய்தவள் நான்.
பிறகு, எழுது என்றேன்.
இருபது. நாற்பது.
அறுபத்தொன்று

கரண்ட் போனது.

என் லேப்டாப் பேட்டரி செத்து எட்டு மாதம்.
ஜே.சி. ரோடு நெடுக ஜெனரேட்டர்கள் இருமத் தொடங்கின.
எங்கள் ஷெட்டில் கொசு மட்டும்.
பாதி எழுதிய சில்லு
பாதி சொல்லோடு விக்கி நிற்பதை
இருட்டில் தடவிப் பார்த்தேன். இன்னும் சூடு.

டயர்மேல் உட்கார்ந்து
இரண்டு மணி நேரமாய்க் காத்திருந்த நாகவேணி கேட்டாள்,
"என் வண்டியிலயே பேட்டரி இருக்கே?"
இம்தியாஸ் என்னைப் பார்த்தான்.
நான் சோல்டரிங் கம்பியைப் பார்த்தேன்.

பானெட் திறந்து, முதலைவாய்க் கிளிப் கடித்து,
சின்ன இன்வர்ட்டர் ரீங்கரிக்க
மறுபடி பூஜ்யத்திலிருந்து.
தன்னைக் குறுக்கு விசாரணை செய்யப் போகிறவனுக்கு
அந்தப் பழைய போலோ
தானே படிப்புச் செலவு கட்டியது.

நூறு.
சரிபார்த்தல்: பிழை இல்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே செருகியதும்
பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டியது.
"ஆய்தா?" என்றான் இம்தியாஸ்,
பயந்தால் அவனுக்குக் கன்னடம்தான் வரும்.

இரண்டு புகார்.
ஒன்று, சீட்டுக்கு அடியில் ஏர்பேக் கம்பி;
மஞ்சள் விளக்கு மாதக்கணக்காய்ச் சொன்னதுதான்.
மற்றது இன்றைய தேதியில்,
ஏழு ஐம்பத்திரண்டுக்குப் பதிவானது:
மின்னழுத்தம் குறைவு.

நாகவேணி சாவியைத் திருப்பினாள்.
டிக், டிக்.
செருப்பைக் கழற்றிவிட்டு
தண்ணீர் நின்ற தெருவில் மூவரும் இறங்கினோம்.
"செகண்ட் கியர்ல போடுங்க" என்றேன்,
தோளைக் கொடுத்துக்கொண்டே.