கறுப்பு ஜன்னல்

இம்தியாஸ் எப்போது வந்தாலும்
திரையைத் தோளால் மறைத்துக்கொண்டுதான் தட்டுவான்,
காற்றில் தீக்குச்சி கிழிப்பவனைப் போல.
மூன்று நிமிடம்.
எண்ணூறு ரூபாய்.
"இப்ப பாருங்க மேடம், ஓடும்."
ஓடும்.

சைடன்ஹாம்ஸ் ரோட்டில் குழாய்க்கடை.
பதினோரு வருடமாக பில் போடுகிறேன்.
அரை இஞ்ச் எல்போ, முக்கால் இஞ்ச் டீ,
பால் வால்வு, டெஃப்லான் டேப்,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ரேட் சொல்வேன்.
கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்ததோ
போடத் தெரியும், பில் அடிக்கத் தெரியும்,
அணைக்கத் தெரியும்.
வாடகைக்கு இருப்பவள்
வீட்டுக்காரரின் பூட்டிய அறைப் பக்கம் போகாத மாதிரி
மற்றதைத் தொட்டதில்லை.

சில நாள் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிக்கொண்டு
வெளுத்துப் போய் நிற்கும்.
பதில் சொல்லாதவர்களோடு இருந்து பழகியவள்தான் நான்.
ஆனாலும் கவுண்டரில் ஆறு பிளம்பர் நிற்கும்போது
அது அப்படி நின்றால்
வயிற்றைப் பிசையும்.

ஆனி மாதம் ஒருநாள்
அவன் தோளுக்கும் காதுக்கும் நடுவில்
ஒரு கறுப்புச் சதுரம் தெரிந்தது.
உள்ளே வெள்ளை எழுத்து.
பி, ஐ, என், ஜி.
யாரோ தரவேண்டிய பாக்கி மாதிரி
பில் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்துவைத்தேன்.

சம்பத்லால் சேட் கோயிலுக்குக் கிளம்பிய பிறகு
பாதி இறக்கிய ஷட்டருக்குள் உட்கார்ந்து
அந்தச் சதுரத்தைத் தேட
நாலு சாயங்காலம் பிடித்தது.
முதல் நாள் எழுத்தெல்லாம் பூதாகரமாகிவிட்டது.
இரண்டாம் நாள், எதை அமுக்கினேனோ,
திரையே தலைகீழாகத் திரும்பிக்கொண்டது.
கழுத்தை ஒடித்துச் சாய்த்தபடி
அதை நேராக்கி முடிப்பதற்குள்
இரண்டு 29சி போயிருக்கும்.
யாரிடமும் சொல்லவில்லை.

திறந்தபோது
கிணற்றை எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.
மேலே ஒரு சின்னக் கோடு மட்டும்
இமைத்து இமைத்து.
அந்த நாலு எழுத்தைத் தட்டினேன்.
இங்கிலீஷில் ஏதோ பொரிந்து தள்ளியது.
திட்டுகிறதோ?
மறுநாள் மதியம், டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு,
ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
திட்டவில்லை.
யாரைக் கூப்பிட என்று கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அட, இது தெரிந்த வேலைதானே.
குழாயின் இந்த முனையில் வாயை வைத்து
ஓய் என்று கத்துவது.
அந்தப் பக்கத்திலிருந்து ஓய் வந்தால் அடைப்பு இல்லை.
வரவில்லையா,
நடுவில் எங்கோ ஜாயிண்ட் கழன்றிருக்கிறது.

ஐப்பசியில், மூன்றாம் நாள் மழையில்,
குடோன் ஸ்டாக் திரைக்கு வரவில்லை.
சேட் போனை எடுத்தார், இம்தியாஸுக்கு.
"அஞ்சு நிமிஷம் இருங்க" என்றேன்.
நானா பேசினேன் என்று எனக்கே சந்தேகம்.
சுவரில் அவன் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்த எண்களைப் போட்டு
ஒவ்வொன்றாகக் கத்திப் பார்த்தேன்.
மூலையில் மினுக்கும் பெட்டி ஓய் என்றது.
குடோன் வாயைத் திறக்கவில்லை.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
வயரின் பின்னாலேயே போனேன்.
வாஷ்பேசின் பெட்டியை நகர்த்திய எவனோ
இதையும் சேர்த்து இழுத்திருக்கிறான்.
முனையின் கொக்கி உடைந்து
பாதி வெளியே தொங்கியது.
செருகினேன். நிற்கவில்லை.
டெஃப்லான் டேப்பை எடுத்து
நாலு சுற்று, இறுக்கி.
வந்தது.

"தானா வந்திருச்சா?" என்றார் சேட்.
ஆமாம் என்றுவிட்டேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
வீட்டுக்குப் போகும்வரை யோசித்தேன்.
டேப்புக்கு இருபது ரூபாய்
என் கணக்கில் எழுதியிருந்தேன்.

கார்த்திகையில் பிரிண்டர் மக்கர் செய்ய
இம்தியாஸ் வந்தான்.
குடோன் பக்கம் போய்
டேப்பைப் பார்த்தான்.
திரும்பி வந்து என்னைப் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஸ்டூலைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான்.
இப்போது முழுத் திரையும் தெரிந்தது.

எண்ணூறுதான் வாங்கினான்.