அரைத் திருகு

சிவப்பு நாடா ஒட்டிய பிளேடு
நீலத்தைவிட ஒரு விரற்கடை மேலே சுற்றுகிறது.
"ஒன்று பொய் சொல்கிறது" என்கிறாள் மாரிகா.
எதுவென்று சொல்லவில்லை.

ராப்லாவுக்கு வெளியே
சோவியத் படை விட்டுப்போன ஓடுபாதை.
விரிசலெங்கும் பஞ்சாய் முற்றிய டேன்டேலியன்.
இணைப்புக் கம்பியில் அரைத் திருகு.
மறுபடி கிளப்புகிறாள்.
இருபதடி தள்ளி ஈரப் புல்லில் மண்டியிட்டு
கண்ணை அந்த மட்டத்துக்கு இறக்குகிறேன்.
இப்போது ஒரே கோடு.

வால் மட்டும்
சோறு கண்ட நாய்க்குட்டி மாதிரி.
கைரோ நாற்பத்தாறு.
நாற்பத்து மூன்று. இன்னும் ஆடுகிறது.
நாற்பத்தொன்று.
அடங்கிவிட்டது.

போன மே மாதம், இதே இடம்.
பயந்த விரல் பழக்கத்தில் மேலே தள்ளியது.
கவிழ்ந்து நிற்பதற்கு
மேலே என்பது மண்.
அறுநூறு யூரோ.
வளைந்த வால்குழாயில்
இப்போது அவள் வீட்டுத் தக்காளி ஏறுகிறது.

யாரையும் கேட்கவில்லை அவள்.
எழுப்பினாள், புரட்டினாள்.
சறுக்குக்கால்கள் வானத்துக்கு,
சுழலும் தலை தரைக்கு ஒரு முழம்.
பஞ்சு கிளம்பி அவள் கண்ணாடியில் அப்புகிறது.
துடைக்கக் கையில்லை.
கட்டைவிரல் கீழே இழுக்க இழுக்க
அது உயர்கிறது.

மூச்சு விடு என்று சொல்ல வாயெடுத்தேன்.
நானும் விட்டிருக்கவில்லை.