ஆட்டுக்கு எட்டாத உயரம்

முதல் வருடம் பதிவேட்டில்
இருபத்து மூன்று கையெழுத்து,
நான்கு கட்டைவிரல் ரேகை.
லெசோதோவில், தபா-செகா மலைச்சரிவில்
முழங்கால் ஆழக் குழி,
மேல்மண் ஒருபக்கம், அடிமண் ஒருபக்கம்.
ஒட்டுப்போட்ட முடிச்சு
மண்ணுக்கு மேலே நிற்கட்டும் என்று
தொண்டை கட்டும்வரை சொன்னேன்.
மதியம் சோளக்களியும் கீரையும்.
நாற்பது ஆப்பிள் கன்றுகள்.
அலுவலகத்துக்கு அனுப்பிய படத்தில்
எல்லாரும் சிரிக்கிறார்கள்.

அறுப்பு முடிந்தால்
இங்கே நிலம் யாருடையதும் இல்லை.
தாள் மேய எந்த மந்தையும் இறங்கலாம்.
யாரும் எனக்குச் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
பனி விழுந்த வாரம் திரும்பிப் போனேன்.
முப்பத்தொரு குச்சிகள்
பட்டை உரிந்து,
பல் பட்ட வெள்ளையோடு நின்றன.

"ஆடு தொடாத இலை ஒன்று சொல்" என்றாள் புசெலெட்சோ.
கோபம்கூட இல்லை அவளுக்கு.
"எங்களைக் கூப்பிட்டாய்.
மேய்க்கிறவனை ஏன் கூப்பிடவில்லை?"

அடுத்த வருடம் வந்தார்கள்,
போர்வையைத் தோளில் குத்திய ஐந்து பேர்.
ஒருவனும் நாற்காலியில் உட்காரவில்லை.
ராபெலாங் எழுந்த கையோடு சுவரருகே போய்
தன் மார்புக்கு மேலே நகத்தால் கோடு கிழித்தான்:
"பின்னங்காலில் நின்றால் ஆடு இவ்வளவு.
பசித்த ஆடென்றால் இன்னும் ஒரு சாண்.
கம்பி வேண்டாம், கம்பி காணாமல் போகும்.
கல்லை வட்டமாய் அடுக்கு,
மேலே காட்டு ரோஜா முள்.
மிச்சத்தை என் நாய் பார்த்துக்கொள்ளும்."
என் கையேட்டில்
அந்த ஒரு சாண் இல்லை.

இன்று, ஆறாம் வருடம்,
புசெலெட்சோவின் மரத்தில்
கொத்துக்கு ஐந்து பிஞ்சு.
"ஒன்றை விட்டு நாலைக் கிள்ளு" என்கிறேன்.
அவள் கை கொத்துவரை போய் நிற்கிறது.
"பஞ்சத்தில் பிறந்தவள் நான்.
என்னிடம் இதைச் சொல்ல
உனக்கு எப்படி வாய் வந்தது?"

பதில் தெரியும்:
கிளை முறியும், காய் சிறுக்கும்,
மறுவருடம் மரம் சும்மா நிற்கும்.
சொல்லவில்லை.
கல்வட்டத்துக்குள் காற்று மட்டும் வந்து போனது.

பிறகு அவளே கிள்ளத் தொடங்கினாள்,
ஒன்றையும் தரையில் போடாமல்
மடியில் கட்டிக்கட்டி.
மடி கனத்ததும்
சுவருக்கு அப்பால் பார்த்து
"ராபெலாங்!" என்றாள்.
மந்தை முழுக்கத் தலை தூக்கியது.

கிளம்பும்போது கண்ணில் பட்டது,
வடக்குக் கிளையில் ஒரு கொத்து,
இலைக்குப் பின்னால்,
ஐந்தும் அப்படியே.
பேனாவை எடுத்தேன்.
மூடி வைத்தேன்.