ஜீரோ கேட் வரிசை

தோள்பட்டைக்குச் சிவப்பு வெளிச்சம் காட்டணுமாம்.
ஸ்டான்லியில் பிசியோ பார்க்கும் சலோமி சொன்னது:
"இங்க அந்த மெஷின் இல்லண்ணே,
வெளிய தேடிப் பாருங்க."

வரிசையில் நின்றபடி தேடினேன்.
போனில் ஊர் விரிந்தது.
கூவத்துக்குத் தெற்கே
அம்மை போட்ட முதுகு மாதிரி புள்ளிகள்.
வடக்கே தண்டவாளம், எண்ணெய்த் தொட்டிகள், கடல்.
கொருக்குப்பேட்டையில் மட்டும் ஒன்று.

மறுநாள் ரயில்வே கேட் திறக்கக் காத்திருந்து
அந்தப் பக்கம் போய் விசாரித்தேன்.
"சிவப்பு லைட்டு எங்கப்பா?"
ஆட்டோக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.
"இந்த வயசுலயா?"
சட்டையை விலக்கித் தோளைக் காட்ட வேண்டியதாயிற்று.

மாடியில் பூட்டு.
கீழே மாவு மில்லில் கேட்டால்
அந்தப் பொண்ணு விளக்கைத் தூக்கிக்கிட்டு
அண்ணாநகர் போய் ஆறு மாசம் ஆச்சாம்.

அண்ணாநகரில் ஒரு தடவைக்கு ஆயிரத்து இருநூறு.
பத்துத் தடவை வரணும்.
எனக்கு ஒரு லோடுக்கு பேட்டா எண்ணூறு.
"யோசிச்சு சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன்.

இப்போது மணி இரண்டேகால்.
எண்ணூர் சாலை முழுக்க டிரெய்லர்கள்.
எனக்கு முன்னால் கோட்டீஸ்
பிரேக்கில் கால் வைத்தபடியே தூங்குகிறான் போல.
அவன் பின்விளக்கு
கண்ணாடியைத் தாண்டி வந்து
ஸ்டியரிங்கில், முழங்கையில், தோளில்.

பனியனை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
இருபது நிமிஷம் என்றாள் சலோமி.
பதினேழு வருஷ ஓட்டத்தில்
வரிசை நகரவேண்டாம் என்று
நினைத்தது இன்றைக்குத்தான்.

பதினோராவது நிமிஷத்தில்
கோட்டீஸ் காலை எடுத்தான்.