மரக்கணக்கு

அக்டோபர் ஐந்து, 1899. வியாழன்.
யூக்கான் ஆற்றோரம் பனி கட்டத் தொடங்கிவிட்டது.
ஹாலக் அண்ட் சன்ஸ் மர ஆலையில்
கணக்கு எழுதுகிறவள் நான், டெல்ஃபீன்.
சன்ஸ் யாரும் கிடையாது.
பலகையில் இடம் மிச்சமிருந்ததாம்.

மேலே ஓடைகளில்
இடுப்பளவு சேற்றில் நின்று பொன் தேடுகிறார்கள்.
கீழே நாங்கள் மரம் அறுக்கிறோம்.
பொன் அலசும் தொட்டிக்குப் பலகை,
படகுக்குப் பலகை,
சாராயக்கடை மேடைக்குப் பலகை,
போன செவ்வாயன்று ஐந்தடி எட்டங்குலத்தில் ஒன்று,
மூடியோடு.
எல்லாவற்றுக்கும் கூலி தூளாகத்தான் வருகிறது.
தராசில் கொட்டி, ஊதி,
கறுப்பு மணலை ஒதுக்கி நிறுக்கிறேன்.
நகக்கண்ணில் ஒட்டியதைச் சனிக்கிழமைதோறும்
ஹாலக் கண்ணெதிரே கழுவ வேண்டும்.
கழுவிய தண்ணீரையும் அவர் கொட்டுவதில்லை.

பத்தரை மணிக்கு ரம்பத்தின் குரல் மாறியது.
ரவுத்தியோ நெம்புகோலை இழுத்தான்.
பின்லாந்துக்காரன். வலது கையில் இரண்டரை விரல்.
"ஆணியென்றால் அலறும்," என்றான்,
"இது முனகுகிறது."
பலகையைப் புரட்டினான்.
விளக்கடியில்
மஞ்சளாய் ஒரு கீற்று.

அடுத்து நடந்ததற்குக் கணக்குப் புத்தகத்தில் பத்தி இல்லை.
கட்டை உருட்டுகிறவன், கொதிகலனுக்கு விறகு போடுகிறவன்,
கடன் கேட்க வந்து நின்றவன்,
அத்தனை பேரும் முழங்காலில்.
மரத்தூளை அள்ளி அள்ளித் தொப்பியில் நிரப்புகிறார்கள்.
"என் மரம்! என் மரம்!" என்று கத்துகிறார் ஹாலக்.
ஒருவன் கீற்றை நாக்கால் தொட்டுப் பார்த்தான்.
"செம்பு," என்று துப்பினான்.

அம்பு முனை. என் சுண்டுவிரல் நீளம்.
அதற்கு வெளியே வளையங்களை எண்ணினான் ரவுத்தியோ.
அறுபதில் தும்மிவிட்டு
மறுபடி முதலிலிருந்து.
எண்பத்தேழு.
இந்தக் குளிரில் வருஷத்துக்கு
ஒரு நூலிழைதான் பருக்கிறது மரம்.

கருவாடு விற்க வந்திருந்தாள் ஒரு ஹான் பெண்.
ஆலை நிற்கிற இடத்தில்தான்
அவர்கள் முன்பு மீன் உலர்த்தினார்கள்;
இப்போது ஆற்றோடு மூன்று மைல் கீழே.
பலகையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.
சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.
"தப்பிப் போச்சு," என்றாள் எங்கள் பேச்சில்,
"அன்றைக்கு ராத்திரி யாரோ பட்டினி."

முனையை நெம்பி எடுத்துக்கொண்டு
என் மேஜையில் ஒரு சால்மனை வைத்தாள்.
பெயர் கேட்டேன்.
வாசலில் நின்று இரண்டு முறை சொன்னாள்.
இரண்டு முறையும் தவறாகவே எழுதினேன்.
நடுவில் வருகிற அந்த மூச்சுக்கு
எங்களிடம் எழுத்து இல்லை.

வரவு, பொன் என்கிற பத்தியில்:
மீன், ஒன்று.
பற்று:
இங்கே பேனா நின்றுவிட்டது.
நாங்கள் கொடுத்தது என்ன,
கொடுக்க எங்களுடையதா அது?

மீனை வெள்ளிக்கிழமை
நானும் ரவுத்தியோவும் தின்று தீர்த்தோம்.
சனிக்கிழமை ஹாலக் அந்த வரியில் விரல் வைத்தார்.
"பிழை," என்றேன்.
அடிக்கச் சொன்னார்.
அடித்தேன்,
ஒற்றைக் கோட்டில்,
படிக்க முடிகிற மாதிரி.