பெறுநர்

இரவு ஷிப்ட் முடிந்து அவர் தூங்கும் நாட்களில்
எங்கள் பள்ளி கிசுகிசுப்பில்தான் நடக்கும்.
பதினாறாம் வாய்ப்பாட்டை
ரகசியம் போலச் சொல்வாள் யாழரசி:
ஏழு பதினாறு நூற்றுப் பன்னிரண்டு,
யாரிடமும் சொல்லிவிடாதே என்பதுபோல.

செம்மண்டலத்தில் மாடி வீடு.
எட்டேகாலுக்கு மஞ்சள் வேன்கள்
மெயின் ரோட்டில் வரிசையாய்ப் போய் முடியும்வரை
பிள்ளைகள் ஜன்னல் பக்கம் போகமாட்டார்கள்.
நான் சொன்னதில்லை.
நானும் போகமாட்டேன்.

தெற்குக் காற்று அடித்தால் சிப்காட் நெடி வரும்.
திசைகள் பாடத்தை அதை வைத்தே முடித்தேன்.
"அப்பா வேலை செய்யும் நாத்தம் தெற்கு"
என்று நோட்டில் எழுதியிருந்தான் மகிழ்நன்.
டிக் போட்டேன். வேறென்ன செய்ய?

மற்றபடி பெருமை சொல்ல ஒன்றுமில்லை.
போன வாரம் முழுக்க அறிவியல் நடக்கவில்லை.
மோட்டார் கெட்டு, கீழிருந்து குடம் தூக்கினோம்.
கொள்ளளவு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.
தோசைக்கல்லில் வட்டம், மளிகைச் சிட்டையில் கூட்டல்
என்றெல்லாம் கேட்பவர்களிடம் சொல்ல அழகாகத்தான் இருக்கிறது.
தோசை கருகும்போது
பாதியில் பாதி எவ்வளவு என்று கேட்டு நின்றவனை
நான் கத்திய கத்தல் எந்தப் பாடத்தில் வரும்?

கீழ்வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி:
"பசங்க எந்த ஸ்கூலு?"
"அம்மா ஸ்கூலு" என்பான் சின்னவன்.
சிரிப்பார்கள்.
பிறகு என்னைப் பார்ப்பார்கள்,
காய்ச்சலில் கிடந்து எழுந்தவளைப் பார்ப்பதுபோல.

நேற்றுப் பாடம் விடுமுறை விண்ணப்பம்.
அனுப்புநர். பெறுநர். மதிப்பிற்குரிய ஐயா.
பள்ளிக்கே போகாத பிள்ளைகளுக்கு
லீவு கேட்கக் கற்றுத்தருகிற கோணல்
பாதி எழுதிய பிறகுதான் எனக்கே உறைத்தது.
"யாருக்கும்மா எழுதணும்?" என்றாள் யாழரசி.
"யாருக்காவது எழுது. காரணம் மட்டும் பொய்யா எழுதாத"
என்று சொல்லிவிட்டு
குளியலறைக்குள் போய்த் தாழிட்டேன்.

குழாயைத் திறந்துவிட்டால் அழுவது வெளியே கேட்காது.
ஆனால் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று
நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.
பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
பல்லி ஒன்று என்னைப் பார்த்தது. பார்க்கட்டும்.

கதவுக்கடியில் ஒரு தாள் நுழைந்தது.
ஈரத்தில் ஓரம் ஊறத் தொடங்கியிருந்தது.
அனுப்புநர்: க. செந்தாமரை.
பெறுநர்: யாழரசி, மகிழ்நன்.
எனக்கு உடல்நிலை - அடித்திருந்தது.
எனக்குத் தலைவலி - அதையும் அடித்திருந்தது.
எனக்கு உங்களோடு பேசிப் பேசி
வாய் வலிக்கிற காரணத்தால்
இன்று ஒருநாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு
பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.
கீழே சிவப்பு கிரேயானில், பெரிதாக,
மகிழ்நன் உத்தரவு: சறி.

அந்தப் பெரிய றகரத்தைத் திருத்த
பேனா தேடிப் போன கையை
இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

லீவை என்ன செய்வதென்று பத்து வருஷமாய் மறந்திருந்தது.
அவரை எழுப்பி, பிள்ளைகள் உங்க பொறுப்பு என்றேன்.
பாயில் கிடந்தபடியே தலையாட்டினார்.
ஷேர் ஆட்டோ பிடித்தேன். தேவனாம்பட்டினம்.
வெறும் மீன்கூடையோடு பக்கத்தில் இருந்த பெண்
என் விரலிடுக்கின் மைக்கறையைப் பார்த்தாள்.
"டீச்சரா?"
"ஆமா."
"இன்னிக்கு புதன்கிழமைதானே?"
"லீவு."
"எழுதிக் குடுத்துட்டு வந்தியா?
இல்லன்னா சம்பளத்துல புடிப்பாங்களே."
"எழுதித்தான்" என்றேன்.
மேற்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது.
அவளும் காரணம் தெரியாமல் சிரித்தாள்.

கடல் கண்ணில் படுமுன்னே
உதட்டில் உப்புத் தட்டியது.
கிழக்கு, என்று வாய் தானாகச் சொன்னது,
வீட்டில் யாரோ தூங்குவதுபோல மெதுவாக.
யாரும் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.