காற்று அடிக்காத இடம்

செவ்வாய் இரவு, நூலகத்தின் கீழ்த்தளம்.
ஒரு பிர்ச் பலகை, கடன் வாங்கிய உளி.
சட்பரியைச் செதுக்க உட்கார்ந்தேன்.

இந்த ஊர்ப் பாறைகளுக்கு
மை பூசவே வேண்டாம்.
நிக்கல் உருக்கிய புகையைக்
குடித்துக் குடித்துக் கறுத்து
அச்சுக்குத் தயாராகக் கிடக்கின்றன.

மரத்தில் வெட்டியது வெள்ளை,
விட்டுவைத்தது கறுப்பு.
வானத்துக்காக இரண்டு மணி நேரம் சுரண்டினேன்.
மடியெல்லாம் வானத்தின் சீவல்.

கரையில் ஐந்து பைன்.
முதல் மரத்தை நேராகத்தான் தொடங்கினேன்.
கை முறைத்துக்கொண்டது.
பலகையின் ரேகை ஒரு பக்கம் இழுக்க
நான் எதிர்ப்பக்கம் தள்ள
மரம் இடுப்பொடிந்து
என்னைவிட்டு விலகிச் சாய்ந்தது.
மற்ற நாலும்
அதைப் பார்த்துவிட்டன போலும்.

பக்க மேசையில் வெய்க்கோ.
சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன்,
பகல் ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருக்கிறார்.
தன் சௌனாக் குடிலைச் செதுக்குகிறார்,
ஆணி எண்ணிக்கைகூடப் பிசகாமல்.
என் பலகையை எட்டிப் பார்த்தார்.
"இது ராம்சே ஏரிதானே?
அந்த மரங்கள் கம்பம் மாதிரி நிற்குமே.
அங்கே காற்றே அடிக்காதே."

அன்று அடித்தது, என்றேன்.

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
ஆஸ்பத்திரிக் கார் நிறுத்தத்தின் மூன்றாம் வரிசை,
மார்ச் மாத மத்தியானம்,
ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கை,
கண்ணாடிக்கு வெளியே
ஊசியிலைகூட அசையாத ஐந்து மரம்,
அதற்கு முன்னால்
ஸ்கேன் அறைப் பெண் பேச்சை நிறுத்தி
திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது
எல்லாவற்றையும்
ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

தாளை விரித்து
வீட்டுச் சோற்றுக் கரண்டியால் தேய்த்தேன்.
மூலையைப் பிடித்து உரித்தால்
ஏரி இடம் மாறியிருந்தது.
விலகி ஓடிய மரங்கள்
இப்போது இந்தப் பக்கம் குனிந்து வருகின்றன,
தாள் முடியும் ஓரத்தை நோக்கி.
அந்த ஓரத்துக்கு அப்பால்தான்
நான் செதுக்காமல் விட்ட கார்.

பெயரை நேராகவே வெட்டிவிட்டேன், புத்தியில்லாமல்.
பத்மலோசனியில்
ப மட்டும்தான் தப்பியது.
எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அது ப,
மேலே திறந்த
காலிப் பெட்டி.

வெய்க்கோ ஒரு பிரதி கேட்டார்.
எங்கே மாட்டுவீர்கள், சௌனாவிலா?
வியர்த்துவிடுமே, என்றேன்.
வியர்க்கட்டும், என்றார்.

அவருடைய குடிலின் புகை மட்டும்
இன்னும் நேராகத்தான் மேலே போகிறது,
ஸ்கேல் வைத்துக் கீறிய மாதிரி.